அப்பு தண்ணி பார்த்த கார்

நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். புங்குடுதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்துப் பதினைந்து வருசம் நின்று, நெம்பு என்றால் என்ன, சுமை எங்கே, எத்தனம் எங்கே என்று கரும்பலகையில் கீறிக் காட்டினவன். பரிசோதனை செய்யும்போது கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே என்று மேசையில் பிரம்பால் தட்டித் தட்டிச் சொன்னவன். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த மடைத்தனம் எவ்வளவு பெரியது என்று வாசிக்கிறவருக்குப் பிடிபடாது.

என் தகப்பனை நாங்கள் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். அவர் தெற்கே ஒரு சின்னப் பட்டினத்தில் கடை வைத்திருந்தார். எங்கள் தீவில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருந்தன. வீடு இங்கே, கடை அங்கே, திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் வந்து போவது. கடையில் கொஞ்சம் கை நிமிர்ந்தபோது அப்பு ஒரு பழைய இங்கிலாந்துக் கார் வாங்கினார். சாம்பல் நிறம், உருண்டை முதுகு. அதற்குக் கியர்க்கோல் நிலத்தில் இல்லை. ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியபடி இடப்பக்கமாக ஒரு கரண்டிக் காம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும். அப்பு வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இடக்கையின் இரண்டு விரலால் அதைத் தட்டி விடுவார். அந்த அழகைப் பார்ப்பதற்காகவே நானும் அம்மாவும் அவருக்குப் பின்னால் யார் இருப்பது என்று சண்டை பிடித்திருக்கிறோம்.

தெற்கிலிருந்து தீவுக்கு ஒரு பகல் முழுக்க ஓட்டம். வழியில் மூன்று நாலு தரம் அப்பு காரைத் தெருவோரம் நிறுத்துவார்.

“இருங்கோ, தண்ணி பாத்திட்டு வாறன்” என்று இறங்கிப் போய்ப் பொனற்றை, எஞ்சின் மூடியை, தூக்குவார். தூக்கிய பொனற் எங்களுக்கு முன்னால் சுவர்போல நிற்கும். ஒரு நிமிசம் செல்லாது. டப்பென்று மூடிவிட்டு, எண்ணெய்ச் சீலையில் இடக்கையைத் துடைத்தபடி வந்து ஏறுவார்.

“உந்த மனிசனுக்குத் தண்ணி விசர்” என்பா அம்மா. “காருக்குப் பாக்கிற தண்ணியை வீட்டிலை ஒரு வாளி அள்ளித் தந்தால் எவ்வளவு புண்ணியம்.”

அப்பு சிரிப்பார். ஊருக்குள் போனதும் நாலு பேருக்கு முன்னால் காரின் முதுகில் தட்டி, “என்ரை கார் ஒரு நாளும் நடுத் தெருவிலை நிண்டதில்லை” என்பார். அது உண்மைதானே, நாங்களே சாட்சி என்று நானும் தலையாட்டுவேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கடை எரிந்தது. கார் தப்பியது, அந்த வருசம் அதை ஊரில் விட்டுவிட்டு அப்பு றெயினில் போயிருந்தார். திரும்பி வரும்போது கப்பலில் வந்தார். கையில் ஒரு துணிப்பை, வேட்டி மடிப்பில் காரின் திறப்புச் சாவி. முப்பது வருசத்து வியாபாரத்தில் மிஞ்சியது அந்தத் திறப்புத்தான். அதற்குப் பிறகு அவருக்குக் கடையும் கார்தான், கோயிலும் கார்தான். வெள்ளிக்கிழமை காலையில் காரை முழுகவார்க்க வேண்டும். பிறகு நெற்றியில், அதாவது முன் கண்ணாடிக்குக் கீழே, மூன்று குறி விபூதியும் சந்தனப் பொட்டும். எங்கள் வளவுக் கிணறு உவர். குடிக்கிற நல்ல தண்ணீரை மூன்று மைல்கட்டை தள்ளிப் போய்க் கானில் கொண்டுவருகிறவர்கள் நாங்கள். காருக்கு அதை ஊற்றுவோமா? உவர்த் தண்ணீரைத்தான் வாளி வாளியாக அள்ளி ஊற்றினோம். பொனற்றின் மேலே, முன் கண்ணாடியின் மேலே, பக்தியோடு ஊற்றினோம். அந்தத் தண்ணீர் உள்ளே எதில் போய்த் தங்கியது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான்கூட யோசிக்கவில்லை. இரும்பு, உப்பு, ஈரம் என்று எட்டாம் வகுப்புக்கு வருசா வருசம் படிப்பித்த நான்.

அம்மா எண்பத்தைந்தில் போய்விட்டா. அடுத்த வருசம் ஒரு நாள் பல் விளக்கப் போன அப்பு கிணற்றடியில் விழுந்தார். வலப்பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிற்று. பேச்சும் அதோடு போயிற்று. ‘ஆ’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆனால் சொல்வதெல்லாம் விளங்கும். பேரப்பிள்ளைகள் பகிடி விட்டால் வாயின் இடது பாதி சிரிக்கும். இடக்கை நன்றாக இருந்தது. அந்தக் கையாலேயே சோற்றைக் குழைத்துச் சாப்பிடப் பழகினார். பகல் முழுக்கச் சாய்மனைக் கதிரையில், கார்க் கொட்டிலைப் பார்த்தபடி இருப்பார். என் மனைவி அவரைக் குளிப்பாட்டினாள், மலசலம் எடுத்தாள், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அவளுக்கு நான் பட்ட கடன் வேறு கணக்கு.

காரை நான் ஓட்டினேன். நல்ல தண்ணீர் எடுக்கவும், எப்போதாவது குறிகட்டுவானில் வள்ளத்தால் இறங்குகிற சொந்தக்காரரை ஏற்றி வரவும்தான். மெல்ல ஓட்டுவேன், கியரைப் பதமாக மாற்றுவேன். என் கையில் அது ஒரு நாளும் பிழைவிடவில்லை. பிழைவிட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். சும்மா ஒரு சனிக்கிழமையில், நல்ல காலத்தில், சந்திக் கராஜ்காரர் ஊரில் இருந்த நேரத்தில் பிழைவிட்டிருக்கலாம்.

தொண்ணூறாம் ஆண்டு நடுவில் சண்டை திரும்பத் தொடங்கி, பெற்றோல் வருவது நின்றது. கார் கொட்டிலுக்குள் இரண்டு மாதம் நின்றது. ஓட்டம் இல்லையே தவிர வெள்ளிக்கிழமை முழுக்கு மட்டும் தவறவில்லை. பிறகு தீவுக்குள் ஆமி இறங்கப்போகுது என்று கதை வந்தது. கடலில் கப்பல் நின்றதை வெறுங்கண்ணால் பார்த்தோம். சனம் சைக்கிளிலும் மாட்டு வண்டிலிலும் பாலத்தைத் தாண்டி வேலணைப் பக்கம் போகத் தொடங்கியது. அங்கே துறையிலிருந்து அக்கரையிலுள்ள அராலிக்கு வள்ளம் ஓடியது. ஒழுங்கையில் ஒவ்வொரு நாளும் இரண்டு வீடு பூட்டப்பட்டது.

“எங்களுக்கென்ன, கார் இருக்கு” என்று நான் மனைவிக்குச் சொன்னேன். “துறைமட்டும் போனால் காணும். அப்புவை முன் சீற்றிலை சாய்ச்சு இருத்திக் கொண்டுபோவம்.” ஒரு போத்தல் பெற்றோலும் ஒரு கான் மண்ணெண்ணெயும் ஒளித்து வைத்திருந்தேன். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டலாம். கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை காரைக் கிளப்பினேன். இருமி இருமி ஸ்டார்ட் வந்தது. றிவேசில் கொட்டிலுக்கு வெளியே எடுத்து அப்புவின் கதிரைக்கு முன்னால் நிறுத்தினேன். பிறகு முதலாம் கியருக்குத் தள்ளினேன். டக் என்று ஒரு சத்தம். கியர்க்கோல் அரைவழியில் நின்றுவிட்டது. கிளச்சை விட்டேன், எஞ்சின் உதறி நின்றது. மேலேயும் போகுதில்லை, கீழேயும் வருகுதில்லை. இரண்டு கையாலும் பிடித்து உலுப்பினேன். அசையவில்லை. சனியன்.

அப்பு ‘ஆ, ஆ’ என்றார். திரும்பிப் பார்த்தேன். மடியிலிருந்த இடக்கையை, உள்ளங்கை மேலே பார்க்க, நெற்றி உயரத்துக்குத் தூக்கினார். அங்கேயே கொஞ்சம் பிடித்தார். பிறகு கையைக் கீழே கொண்டுவந்து, இரண்டு விரலைக் கொக்கிபோல மடித்து, தன் நெஞ்சுப் பக்கமாக ஒருதரம் இழுத்தார். இன்னொருதரம் இழுத்தார்.

“மாமா தூக்கச் சொல்லுறார்” என்றாள் மனைவி. “தன்னைத் தூக்கி உள்ளுக்கு இருத்தட்டாம். இருங்கோ மாமா, கார் ஓடட்டும், பேந்து ஏத்துவம்.”

அப்பு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வயது போனால் பிள்ளைக் குணம் என்று நினைத்தேன்.

இனி என் விஞ்ஞானத்தைக் கேளுங்கள். கிளச்சை மிதித்தபடி மனைவியைத் தள்ளச் சொன்னேன். கார் அசையவில்லை. ஆகவே கிளச் பிழை இல்லை. கைப் பிறேக் இறுகியிருக்குமோ? பின்பக்கத்தை ஜக் வைத்துத் தூக்கி இரண்டு பின்சில்லையும் நிலத்தில் முட்டாமல் வைத்தேன். ஒன்றை முன்னுக்குச் சுற்ற, மற்றது பின்னுக்குச் சுற்றியது. ஆகவே பிறேக்கும் இல்லை. நடுத் தண்டுதான் இறுகி நிற்கிறது. தண்டை இறுக்கி வைத்திருப்பது எது? ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழுந்திருந்தால் ஒழிய அது இறுகாது. ஒன்று முன்னுக்குப் போ என்கிறது, மற்றது பின்னுக்கு வா என்கிறது. சில்லு என்ன செய்யும், நிற்கும். முற்றிலும் சரியான முடிவு. இன்றைக்கும் அதற்கு நூற்றுக்கு நூறு போடுவேன். சந்தோசத்தில் எனக்கு வியர்த்தும் போயிற்று. மனைவியைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினேன்.

“அப்ப திருத்தலாமே?” என்றாள்.

“காரணம் பிடிபட்டால் அரைவாசி வேலை முடிஞ்சுது.”

மற்ற அரைவாசியில்தான் என் குடி கெட்டது. காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகம் ஒன்று முன் தட்டுக்குள் கிடந்தது. கியர்ப் பிழை என்றால் வாத்தி எந்த அத்தியாயத்தைப் பார்ப்பான்? கியர்ப்பெட்டி அத்தியாயத்தைத்தான் பார்ப்பான். இருபத்தாறு பக்கத்தையும் அகராதி வைத்து வாசித்தேன். இந்தக் காரின் கியர்க்கோல் ஸ்டியரிங்கோடு இருப்பதால் அதைப் பற்றிய பக்கம் ஸ்டியரிங் அத்தியாயத்தில் இருந்திருக்கும். அந்த அத்தியாயத்தை நான் திறக்கவே இல்லை. ஸ்டியரிங்தான் நன்றாகத் திரும்புகிறதே. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்.

முன் சீற்றைக் கழற்றி, தரைத் தகட்டைத் திறந்தேன். கியர்ப்பெட்டிக்கு வருகிற இரண்டு கம்பிகளையும் கழற்றினேன். மூடியைத் தூக்கி உள்ளே விரலை விட்டால் பற்கள் எல்லாம் பத்திரமாக, எண்ணெய் பூசி, கலியாணப் பெண்போல இருந்தன. விரலால் தள்ள ஒவ்வொரு கியரும் வழுக்கிக்கொண்டு போயிற்று, வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு குறை இல்லை. எண்ணெய் பழுது, அழுக்கு அடைத்திருக்கும், அதுதான் இறுகியது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து, துடைத்து, மூடிப் பூட்டினேன். கம்பிகளைத் திரும்ப மாட்டும்போது ஒன்று ஓட்டைக்குக் கொஞ்சம் எட்டவில்லை. இழுத்து மாட்டினேன். ஏறி இருந்து கோலைத் தட்டினேன். இறுக்கம்.

அந்தக் கொஞ்சம் எட்டாததை நான் கண்டேன். கண்டதை எழுது என்று சொன்னவன், கண்டதை விட்டுவிட்டு நினைத்ததை எழுதினேன். கழற்றினால் சுகம், பூட்டினால் இறுக்கம் என்றால் பிழை பெட்டிக்குள் இல்லை, கம்பியின் மறு அந்தத்தில் என்று என் எட்டாம் வகுப்பில் கடைசி வாங்கிலில் இருக்கிறவனும் சொல்லியிருப்பான். நான் மூடியைப் பிழையாகப் பூட்டிவிட்டேன் என்று முடிவெடுத்துத் திரும்பக் கழற்றினேன். புதன்கிழமை முழுக்க அதுதான் வேலை. கழற்றுவேன், சுகம். பூட்டுவேன், இறுக்கம்.

பக்கத்து வளவு அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில். அவரும் மனைவியும் மட்டும். போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள்.

“வாத்தியார், இண்டைக்கும் ஒப்பிறேசனோ? நோயாளி பிழைக்குமோ?”

“நீங்கள் ஒருக்காச் சும்மா இருங்கோ அண்ணை.”

“கோவிக்காதையும். கொப்பர் கையைக் காலைக் காட்டுறார், அவரை ஒருக்காப் பாரும்.”

பார்த்தேன். அதே சைகைதான். உள்ளங்கையை நெற்றிமட்டும் தூக்கி, பிறகு நெஞ்சுக்கு இழுத்து. மனைவி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரைத் தூக்கி நிமிர்த்தி இருத்தினாள். அப்பு தலையை ஆட்டினார், இல்லை, இல்லை. மலசலத்துக்கோ என்று கேட்டாள். இல்லை. தண்ணீர் கொடுத்தாள். குடிக்கவில்லை. திரும்பக் கையைத் தூக்கினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அப்பு! உங்களைக் கொண்டுபோகத்தான் இந்தப் பாடு படுறன். கொஞ்சம் பொறுங்கோவன்!”

கத்தினேன். பேச ஏலாத மனிசனைப் பார்த்துக் கத்தினேன். அவரின் இடக்கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது.

வியாழக்கிழமை மூன்றாம் தரம் திறந்தபோது மனைவி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் விரலால் கியரைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.

“இஞ்சருங்கோ” என்றாள். “கையாலை தள்ள விழுகுதுதானே. ரண்டாம் கியரைக் கையாலை போட்டிட்டு, உந்தக் கம்பியளைக் கொழுவாமல் அப்பிடியே ஓடேலாதே? துறைமட்டும்தானே போகவேணும்.”

“நீர் சும்மா இரும். இது குசினி வேலையில்லை.”

ஓடியிருக்கலாம். ஒன்பது கட்டையும் இரண்டாம் கியரிலேயே உறுமிக்கொண்டு ஓடியிருக்கலாம். அதற்கு ஒரு தடையும் இல்லை. அவள் அதற்குப் பிறகு அந்தக் கதையை ஒரு நாளும் எடுத்ததில்லை. எத்தனையோ சண்டை பிடித்திருக்கிறோம், என் பழைய பிழைகளை எல்லாம் இழுத்திருக்கிறாள், இதை மட்டும் இழுத்ததில்லை. இழுத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை விடியச் செல் வெடிக்கிற சத்தம் கிட்டக் கேட்டது. ஒழுங்கையில் சனம் ஓடியது. இனி ஒரு மணித்தியாலமும் நிற்க ஏலாது. இரண்டு சைக்கிள் இருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அப்புவைத் தூக்கி என் சைக்கிள் கரியரில் இருத்திப் பார்த்தோம். வலப்பக்கம் சரிந்தார். சேலையால் என் முதுகோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தோம். நாலடி தள்ளுவதற்குள் சைக்கிளும் நானும் அவருமாக விழுந்தோம். அவர் முழங்கையில் தோல் உரிந்தது. மாட்டு வண்டில் தேடி ஒழுங்கை முழுக்க ஓடினேன். எல்லா வண்டிலும் போய்விட்டது.

“தம்பி, நேரத்தை மினக்கெடுத்தாதையும்” என்றார் பக்கத்து வளவு அண்ணை. “குமர்ப் பிள்ளையளைக் கொண்டுபோய் அக்கரையிலை விட்டிட்டு, ஒரு வாகனத்தோடை வாரும். கொப்பரை நாங்கள் பாக்கிறம். ஒரு நாள், ரண்டு நாள்தானே.”

ஓம் என்றேன். என்னால் வேறு என்ன சொல்ல முடியும் என்று எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். எல்லாரும் அதுதான் சரி என்கிறார்கள். சரிதான். நாலு நாளில் நான் செய்த காரியங்களில் புத்தியோடு செய்தது அது ஒன்றுதான், அதுதான் என்னை அறுக்கிறது.

அப்பு கதிரையில் இருந்தார். அவருக்கு முன்னால் கார், கதவுகள் திறந்தபடி. சீற் மண்ணில் கிடந்தது. கியர்ப்பெட்டியின் மூடி ஒரு சாக்கின் மேல் கிடந்தது. அன்று வெள்ளிக்கிழமை, மனைவி அந்த அந்தரத்திலும் அப்புவின் நெற்றிக்கு விபூதி பூசிவிட்டாள். நான் குனிந்து, “நாளைக்கு வாறன் அப்பு” என்றேன். அவர் என் முகத்தை நேரே பார்த்து இடக்கையைத் தூக்கினார், நெற்றிமட்டும். பிறகு நெஞ்சுக்கு இழுத்தார், ஒருதரம், இன்னொருதரம்.

என்னைத் தூக்கு, என்னைக் கொண்டுபோ. அப்படித்தான் எனக்குப் பட்டது. நான் சைக்கிளைத் தள்ளினேன். வாசல் படலையடியில் திரும்பிப் பார்த்தேன். கை இன்னும் மேலே இருந்தது.

அக்கரைக்குப் போய்ப் பிள்ளைகளை ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் விட்டுவிட்டு மறுநாள் விடிய அராலித் துறைக்கு வந்தேன். வள்ளம் இல்லை. துறை மூடியாயிற்று, தீவுக்குள் ஆமி வந்தாயிற்று, ஒருவரும் போக ஏலாது, வரவும் ஏலாது. பத்து நாள் துறைக்குப் போனேன். மண்ணில் குந்தியிருந்து தீவுப் பக்கம் பார்த்தேன். தெளிந்த காலநிலையில் அங்கே பனைகள் தெரியும். அவ்வளவு கிட்ட.

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்தது. பக்கத்து வளவு அண்ணை எழுதியிருந்தார். நாங்கள் போன மூன்றாம் கிழமை அப்பு கண்ணை மூடிவிட்டாராம். கஞ்சி கொடுத்தார்களாம், ஒரு குறையும் வைக்கவில்லையாம். கொள்ளி தானே வைத்தாராம். எரித்த இடத்தில் ஒரு பனங்கன்று நட்டிருக்கிறாராம். கடைசியில் எழுதியிருந்தார்: ‘கையைத் தூக்கித் தூக்கி நெஞ்சிலே வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தவர். காரைப் பார்த்துக்கொண்டே காட்டுவார். உம்மைத்தான் கேட்டிருக்க வேணும். மகன் வருவான், தூக்கிக்கொண்டு போவான் எண்டு நானும் சொல்லிக்கொண்டிருந்தனான்.’

நான் மூத்தவன், ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டிய கை என் கை. அந்தக் கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியவில்லை. அவளே எடுத்து வாசித்தாள். அதற்குப் பிறகு யாராவது கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். வகுப்பில் பிள்ளைகள் கையைத் தூக்கினாலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பிடிக்காமல் போயிற்று.

இன்னும் மூன்று வருசம் போயிற்று. நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு அரைவீட்டில் இருந்தோம். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் வாடகைக்கு ஓடுகிற ஹயர் கார் ஒன்று அனுப்பியிருந்தார்கள். வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டேன். அதே உருண்டை முதுகு, ஸ்டியரிங்கோடு ஒட்டிய அதே கியர்க்கோல். நிறம் மட்டும் கறுப்பு.

“வாங்கோ ஐயா, ஏறுங்கோ அம்மா” என்றார் சாரதி. முப்பது வயதுக்காரர், பகிடிக் குணம். மண்ணெண்ணெய்ப் புகையைக் கக்கிக்கொண்டு கார் போயிற்று. ஒரு சந்தியில் திரும்பும்போது டக் என்று சத்தம் கேட்டது. எஞ்சின் உதறி நின்றது. கோல் அரைவழியில் நின்றது. அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

“ஒண்டுமில்லை ஐயா. இருங்கோ, தண்ணி பாத்திட்டு வாறன்.”

நான் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று தெரியாது. மற்றக் கதவால் மனைவியும் இறங்கினாள், வெக்கை தாங்காமல்.

சாரதி காருக்கு முன்னால் போய் நின்றார். இடக்கையின் உள்ளங்கையைப் பொனற்றுக்குக் கீழே கொடுத்து, நெற்றி உயரத்துக்குத் தூக்கினார். கொஞ்சம் பிடித்தார். வலக்கையால் முண்டுக் கம்பியைக் கொடுத்தார். பிறகு குனிந்து, ஸ்டியரிங் தண்டின் அடியில் இருந்த இரண்டு சின்ன இரும்புக் கைகளைப் பார்த்து, இடக்கையின் இரண்டு விரலைக் கொக்கிபோல மடித்து, தன் நெஞ்சுப் பக்கமாக ஒருதரம் இழுத்தார். டக். இன்னொருதரம் இழுத்தார். டக். பொனற்றை மூடினார். சீலையில் கையைத் துடைத்தார்.

“தம்பி” என்றேன். “தம்பி, என்ன செய்தனீர்?”

அவர் சிரித்தார்.

“ஐயாவுக்கு மட்டும் சொல்லுறன். உதிலை புஷ் தேய்ஞ்சு, துருப்பிடிச்சுப் போச்சு. சாமான் எடுக்க ஏலாது. ஒரு கை திரும்பி வராமல் நிக்க மற்றதும் கொழுவுப்படும்; ரண்டு கியர் ஒண்டா விழுந்திடும். பிடிச்சு இழுத்து நடுவுக்கு விட்டால் சரி. இந்தக் கார் வைச்சிருந்த எல்லாருக்கும் தெரிஞ்ச வேலைதான். ஆனா ஆக்களுக்குத் தண்ணி பாக்கிறன் எண்டுதான் சொல்லுறது. கியர் இறுகிற கார் எண்டு தெரிஞ்சால் ஆர் ஐயா ஏறுவினம்?”

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவளுடைய மற்றக் கை, தன்பாட்டில், நெற்றிமட்டும் போய் நெஞ்சுக்கு வந்தது. அவள் அந்தக் கையைக் குனிந்து பார்த்தாள்.

“இஞ்சருங்கோ” என்றாள். “மாமா தன்னைத் தூக்கச் சொல்லேல்லை.”

“ஓம்” என்றேன்.

மூன்று வருசமாக அவர் கெஞ்சினார், நான் விட்டுவிட்டு வந்தேன் என்று இருந்தேன். அவர் கெஞ்சவில்லை. பொனற்றைத் தூக்கு, இதைப் பிடித்து இழு, எல்லாரும் போவோம் என்று சொன்னார். செவ்வாய் சொன்னார், புதன் சொன்னார், வியாழன் சொன்னார், படலையைத் தாண்டும்போதும் சொன்னார். நாங்கள் போன பிறகும், கேட்க ஆளில்லாத வளவில், காரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நிமிச வேலை.

“ஐயா, அம்மா, ஏறுங்கோ, முகூர்த்தத்துக்கு நேரமாகுது” என்று சாரதி கூப்பிட்டார். ஏறினோம். அவர் இரண்டு விரலால் கோலைத் தட்டினார். முதலாம் கியர் சுகமாக விழுந்தது, கார் வெளிக்கிட்டது.